வாசகர் நடக்கும் நிலம்: கல்முனைக் கரையும் இலக்கியத் தலங்களும்

கோடியக்கரைக்குப் போகும் 'பொன்னியின் செல்வன்' வாசகர்கள் குழகர் கோயிலைப் பார்க்கிறார்கள். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நின்று, பூங்குழலி ஓடம் தள்ளிய இடம் எதுவாக இருக்கும் என்று தேடுகிறார்கள். கோயில் மெய், பூங்குழலி கல்கியின் கற்பனை. அவளும் நந்தினியும் ஆழ்வார்க்கடியானும் எந்தக் கல்வெட்டிலும் இல்லாதவர்கள் என்பதை அந்த வாசகர்களும் அறிவார்கள். அறிந்தே போகிறார்கள். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் எச்சம் அங்கே நெடுங்காலம் நின்றது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அதுவும் வீழ்ந்தது. கதையில் வருபவள் வாழ்ந்ததில்லை, கதையோடு சேர்த்துப் பார்க்கப்பட்ட கட்டடமும் இப்போது இல்லை. ஆனாலும் கோடியக்கரை வாசகருக்குரிய தலமாகவே இருக்கிறது. இது எவ்வாறு நேர்கிறது என்ற கேள்வி, அதே அலையில் தன் ஊர்களை இழந்த இன்னொரு கரைக்கும் உரியது. இலங்கையின் அம்பாறைக் கரையில் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் தமிழ், முஸ்லிம் ஊர்களில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நல்ல கவிதையும் கதையும் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு அந்த ஊர்களைத் தேடி வருபவர் அரிது. ஏன் என்பதைத்தான் இக்கட்டுரை ஆராய்கிறது.

வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. நூல் புகழ்பெற்றிருக்க வேண்டும் என்பது ஒன்று. இடத்தை நூல் நுணுக்கமாகத் தீட்டியிருக்க வேண்டும் என்பது மற்றது. இரண்டும் ஓரளவே பொருந்துகின்றன. லண்டனில் ஷெர்லாக் ஹோம்ஸ் குடியிருந்ததாகக் கொனன் டொயில் எழுதிய பேக்கர் தெரு 221பி என்ற முகவரியை எடுத்துக்கொள்வோம். கதைகள் வெளிவரத் தொடங்கிய காலத்தில் அத்தெருவின் இலக்கங்கள் அவ்வளவு தூரம் போகவே இல்லை. பின்னர் தெரு நீண்டு, 1930களில் அந்த இலக்கத்தை உள்ளடக்கிய கட்டடம் ஒன்று எழுந்தபோது, அங்கிருந்த நிதி நிறுவனத்துக்கு ஹோம்ஸின் பெயரில் கடிதங்கள் வந்து குவிந்தன; பதில் எழுதவென்றே ஒருவரை அமர்த்த வேண்டியதாயிற்று. வீட்டை ஆசிரியர் தீட்டிய நுணுக்கம் அதை உண்டாக்கவில்லை, கடிதம் எழுதிய வாசகர்கள் உண்டாக்கினார்கள். ஆர்.கே. நாராயணின் மால்குடி இன்னும் தெளிவான சான்று. அது எந்த வரைபடத்திலும் இல்லை. ஆனால் சங்கர் நாக் இயக்கிய தொலைக்காட்சித் தொடருக்காகக் கர்நாடகத்தின் அரசாளு ரயில் நிலையத்தில் படம்பிடித்தார்கள். அந்தப் பழைய நிலையக் கட்டடம் 2020இல் மால்குடி அருங்காட்சியகமாக மாற்றப்பட்டது. ஊரே இல்லாத ஊருக்கு ஒரு நிலையம் கிடைத்துவிட்டது.

நமக்கு மிக நெருக்கமான சான்று பாலக்காட்டுக்கு அருகில் உள்ளது. ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' 1969இல் நூலாக வந்தது. கசாக் என்றொரு ஊர் இல்லை. விஜயனின் சகோதரி ஓராசிரியர் பள்ளியில் படிப்பித்த தஸ்ராக் என்ற சிற்றூரே, ராவுத்தர் முஸ்லிம்கள் வாழும் ஊரே, கசாக்குக்கு மூலம். இன்று தஸ்ராக்கில் விஜயன் நினைவகம் இருக்கிறது. மலையாள வாசகர்கள் தொடர்ந்து வருகிறார்கள். தம் ஊர் அப்படியே நாவலில் இல்லை என்று ஊரார் சொன்னாலும் வந்தவர்கள் ஏமாந்து திரும்புவதில்லை, ஏனெனில் அவர்கள் சரிபார்க்க வரவில்லை. தனியே படித்த ஒன்றை மற்றவர்களும் படித்திருக்கிறார்கள் என்பதை உறுதிசெய்துகொள்ளும் இடமாகவே அவ்வூர் அவர்களுக்கு இருக்கிறது. என் வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. நூல் தனியே ஓர் இடத்தைத் தலமாக்குவதில்லை. பலர் சேர்ந்து, திரும்பத்திரும்ப, ஒரே காலத்தில் படிப்பதே தலமாக்குகிறது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தொடராக வந்தது. ஒரே அத்தியாயத்துக்காக ஒரே வாரத்தில் ஆயிரமாயிரம் வீடுகள் காத்திருந்தன. பக்கங்களைக் கிழித்துத் தைத்துப் பாதுகாத்தார்கள். மணிரத்னத்தின் படங்கள் 2022இலும் 2023இலும் வந்தபோது கூடிய கூட்டத்துக்கு அந்த வார வாசிப்புத்தான் விதை. டப்ளினில் ஜோய்ஸின் 'யுலிசிஸ்' நடக்கும் நாளான ஜூன் 16ஐ, 1954இல் எழுத்தாளர் சிலர் குதிரை வண்டி பிடித்து நகரைச் சுற்றிக் கொண்டாடினார்கள். நாவல் வெளிவந்து 32 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதே தெருக்களையும் அதே பக்கங்களையும் ஒரு நாளோடு கட்டிப்போட்டவர்கள் அந்தச் சில வாசகர்களே.

இந்த வாதத்துக்கு உலகத்தைச் சுற்ற வேண்டியதில்லை. கல்முனையை ஒட்டிய பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில் இருக்கிறது. புரட்டாதியில் 18 நாள் சடங்கு. பாரதக் கதை அங்கே ஏட்டில் மட்டும் நிற்பதில்லை. கலியாணக்கால் வெட்டுகிறார்கள், பாண்டவர்களாக விரதம் பூண்டவர்கள் வனவாசம் போகிறார்கள், அருச்சுனன் தவநிலை காட்டுகிறான், கடைசியில் தீமிதிப்பு. பாரதம் சொல்லும் காடு எங்கே இருந்தது என்று பாண்டிருப்பில் எவரும் விவாதிப்பதில்லை. ஆண்டுக்கொருமுறை ஊர்த்தெருவே காடாகிறது, அந்தத் தெருவில் வனவாசம் நடக்கிறது. அங்கிருந்து தெற்கே வந்தால் காரைதீவு, பட்டிமேடு, தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயில்கள். வைகாசியில் கதவு திறந்து, 'கண்ணகி வழக்குரை' வாய்விட்டுப் படித்து, குளிர்த்தி பாடி முடிக்கிறார்கள். சிலப்பதிகாரமே இலங்கையின் கயவாகு மன்னனைக் கண்ணகிக்கு எடுத்த விழாவில் நிறுத்துகிறது. புகாரும் எரியுண்ட மதுரையும் கடலுக்கு அப்பால் இருக்க, அந்தக் கதையை ஆண்டுதோறும் முழுமையாகக் கேட்கும் ஊர்கள் கடலுக்கு இப்பால் இருக்கின்றன. தமிழ்நாட்டில் கண்ணகியின் தடத்தைத் தேடுவோர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் தேடுகிறார்கள். தம்பிலுவிலில் உள்ளவர்களுக்குத் தேட வேண்டிய தேவை எழவில்லை. படிப்பு அவர்களுடைய முற்றத்திலேயே நடக்கிறது.

கதையின் நிலத்தைத் தம் ஊருக்குக் கொண்டுவரும் இவ்வழக்கின் தடம் முஸ்லிம் ஊர்களின் மரபிலும் ஆழமானது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் வரும் அரபு நாடு வெறும் மணல் நாடு அல்ல. தமிழ்க் காப்பிய மரபுக்கேற்ப அங்கே மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. பாலையை மருதமாக எழுதியது பிழை என்று சிலர் சொல்வதுண்டு. நெல் விளையும் நாட்டில் இருந்து கேட்பவனுக்குப் புனித நிலத்தை அண்மையாக்கும் வழி அது என்பதே பொருத்தமான விளக்கம். சம்மாந்துறையிலோ நிந்தவூரிலோ வேளாண்மை செய்பவர் சீறாவைக் கேட்கும்போது மக்கா அவருடைய வயல்வெளியான வட்டையின் வரப்புவரை வந்துவிடுகிறது. ஹஜ்ஜுக்குப் போகும் வாய்ப்பு வாழ்நாளில் கிட்டாதவரும் அந்த நாட்டில் ஒருமுறை நடந்துவிடுகிறார். இதன் மறுபக்கத்தைக் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் காணலாம். நாகூரில் அடக்கமான சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரில், உடல் அடக்கம் இல்லாத நினைவுத் தலம் அது. ஆண்டுதோறும் கொடியேறி, கந்தூரியோடு முடிகிறது. இவ்வழக்கை மார்க்கத்தின் பெயரால் ஏற்காதவர்களும் இதே ஊர்களில் இருக்கிறார்கள். அந்த விவாதம் இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது. இங்கே வேண்டியது ஒன்றே. ஓர் இடம் தலமாவதற்கு அங்கே பொருட்சான்று இருந்தாக வேண்டும் என்பதில்லை. வாய்வழியும் ஏட்டு வழியும் வந்த ஆண்டகையின் அற்புதக் கதைகளைச் சேர்ந்து கேட்ட மக்கள், நாகூரைத் தம் கரையிலேயே நாட்டினார்கள்.

பக்தியையும் வாசிப்பையும் ஒன்றாக்கக் கூடாது என்ற மறுப்பு உடனே எழும். நியாயமானது. குளிர்த்திக்குப் போகிறவர் அம்மனிடம் போகிறார், இளங்கோவிடம் போவதில்லை. கடற்கரைப் பள்ளிக்கு நேர்ச்சையோடு வருபவர் புராணம் எழுதிய புலவரின் பெயரையும் அறிந்திருக்க மாட்டார். நாவல் வாசகனிடம் நம்பிக்கை இல்லை, வேண்டுதல் இல்லை. ஆயினும் இரண்டிலும் ஒரே பொறிமுறை இயங்குவதை மறுக்க இயலாது. குறித்த நாள், குறித்த இடம், எல்லோரும் கேட்க ஒருவர் வாய்விட்டுப் படித்தல், பிறகு சேர்ந்து நடத்தல். டப்ளின்காரர்கள் பக்தியில்லாமலே இந்த நான்கையும் செய்கிறார்கள். அவர்களுடைய நகரமும் தலமாகிவிட்டது. ஆகவே நம்பிக்கையின் வலிமையைவிடப் படிக்கும் முறையின் வலிமையே தீர்மானிக்கிறது என்று கொள்ளலாம். அம்பாறைக் கரைக்கு அந்த முறை நூற்றாண்டுகளாகத் தெரியும். தெரிந்த முறையைத் தன் புது இலக்கியத்துக்கு மட்டும் அது கொடுக்கவில்லை.

கொடுக்கக்கூடிய இலக்கியம் இருக்கிறதா? இருக்கிறது, நிறையவே. பெரியநீலாவணையில் 1931இல் பிறந்த நீலாவணன், ஆசிரியராக இருந்துகொண்டு, கல்முனையில் எழுத்தாளர் சங்கம் கண்டு, 'பாடும்மீன்' இதழ் நடத்தி, 1975இல் மறைந்தார். அவருடைய 'வழி' 1976இலும் 'வேளாண்மை' காவியம் 1982இலும் நூலாயின. அவரைச் சூழ்ந்து வளர்ந்தவர்களில் கல்முனைக்குடியின் எம்.ஏ. நுஃமானும் மருதமுனையின் மருதூர்க்கொத்தனும் முக்கியமானவர்கள். நுஃமான் 1969, 1970 காலத்தில் 'கவிஞன்' இதழை இங்கிருந்து கொண்டுவந்தார். 'தாத்தாமாரும் பேரர்களும்' 1977இல் வந்தது. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் கவிதையை மற்றவர் கேட்டுத் திருத்திய கூட்டம் அது. நான் சொல்லும் கூடிப் படிக்கும் வழக்கம் எழுதுவோரிடையே ஒரு தலைமுறைக்கு இருந்திருக்கிறது. அது வாசகரிடம் இறங்கவில்லை. பின்வந்த போர் ஆண்டுகளில் ஓர் ஊரார் அடுத்த ஊருக்கு மாலையில் போய்த் திரும்புவதே கடினமாயிற்று என்பது ஒரு காரணம். பாடநூலில் ஒரு கவிதை, பரீட்சையில் ஒரு கேள்வி என்ற அளவில் இலக்கியம் சுருங்கியது இன்னொரு காரணம்.

'வேளாண்மை'யைப் படித்துவிட்டு ஒருவர் இந்தக் கரைக்கு வந்தால் எதைப் பார்ப்பார்? நிலவுடைமையாளரான போடியார்களின் பழைய அதிகாரம் தேய்ந்துவிட்டது. எருமை பூட்டிச் சூடு மிதித்த களத்தில் இன்று அறுவடை இயந்திரம் ஓடுகிறது. களத்தில் மட்டும் பேசப்பட்ட குழூஉக்குறிச் சொற்களும் பொலி கூவும் பாட்டும் வயது முதிர்ந்தவர்கள் சிலரின் நினைவில் இருக்கின்றன. அம்பாறை 1961இல் தனி மாவட்டமாகும்வரை இது மட்டக்களப்பின் தென்பகுதி. நீலாவணன் எழுதத் தொடங்கிய நிலத்தின் நிர்வாகப் பெயர்கூட இன்று வேறு. அப்படியானால் பார்க்க ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டலாமா? வட்டை இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, பெரும்போக அறுவடைக் காலத்து வைக்கோல் மணம் இருக்கிறது. இல்லாதவற்றை நூல் சொல்லும். வயலின் நடுவில் நின்று அந்த இல்லாமையை அறிவதுதான் அங்கே போவதன் பயன். வீட்டில் இருந்து படித்தால் எது போயிற்று, எது நிற்கிறது என்று பிரித்தறிய வழியில்லை.

கடலோரத்தில் இந்த உண்மை மிகக் கடுமையானது. ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகியவற்றின் கடற்கரை வீதிகள் வரிசை வரிசையாகப் போயின. பின்னர் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை அறிவிக்கப்பட்டு, பலர் உள்ளே தள்ளிக் குடியேற்றப்பட்டார்கள். 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தை அடுத்துக் கரையரிப்பு பெருகி, ஒலுவிலிலும் நிந்தவூர்ப் பக்கத்திலும் தென்னைகள் கடலுக்குள் சரிந்தன. கரைவலை இழுத்த இடம், வாடி நின்ற இடம், தோணா கடலோடு கலந்த இடம் என்று பழைய கதைகள் குறிக்கும் இடங்களை இன்று கை நீட்டிக் காட்டுவது எளிதல்ல. டப்ளின் அழிந்தால் தன் நூலைக்கொண்டு அதை மீண்டும் கட்டிவிடலாம் என்று ஜோய்ஸ் நண்பர் ஒருவரிடம் சொன்னதாகப் பதிவுண்டு. டப்ளினுக்கு அந்தத் தேவை வரவில்லை. இந்தக் கரைக்கு வந்துவிட்டது. 2004க்கு முன் இங்கே எழுதப்பட்ட ஒவ்வொரு கடற்கரைக் கதையும், அது கலைத்தரத்தில் எப்படியிருந்தாலும், போன ஊரின் ஆவணம். காணி உறுதியில் எல்லைகள் இருக்கும். எந்த வீட்டு முற்றத்தில் மாலையில் பெண்கள் கூடினார்கள், எந்த ஒழுங்கையால் பிள்ளைகள் கடலுக்கு ஓடினார்கள் என்பது கதையில்தான் இருக்கும்.

எல்லா எழுத்தும் இப்படி நிலத்தில் பொருந்துமா என்பது நியாயமான ஐயம். சோலைக்கிளியின் கவிதைகள் கல்முனையிலிருந்து வந்தவை. 'எட்டாவது நரகம்', 'காகம் கலைத்த கனவு' போன்ற தொகுப்புகளில் காகமும் பூனையும் மரமும் மனிதரைவிட அதிகம் பேசும்; பொருள்கள் தம் உருவை மாற்றிக்கொள்ளும். அந்த உலகத்துக்கு எந்த பஸ்ஸில் ஏறுவது? சாய்ந்தமருதின் அனாருடைய 'எனக்குக் கவிதை முகம்' முதல் 'பெருங்கடல் போடுகிறேன்' வரையான தொகுப்புகளும் பெயர் சொல்லி ஊரைக் காட்டுபவை அல்ல. பெண்ணின் உடலும் மழையும் கடலும் அவற்றில் ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. எனினும் தமிழ்க் கவிதை இந்தச் சிக்கலை ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே தீர்த்துவிட்டது. நெய்தல் என்பது ஒரு துறைமுகத்தின் பெயரல்ல. கடல், கழி, புன்னை, பிரிவின் இரங்கல் ஆகியவை சேர்ந்த ஒரு நிலை. சோலைக்கிளியின் காகத்தைத் தேடிப் போகிறவருக்கு முகவரி வேண்டியதில்லை. மீன் காயும் கரையும், ஊரடங்கு நாட்களில் மனிதர் இல்லாத தெருவில் காகம் மட்டும் நடந்த நினைவும் போதும். அனார் தொகுத்த கிழக்கிலங்கைக் கிராமியப் பாடல்கள் 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்ற பெயரில் 2013இல் வந்தன. அவருடைய சொந்தக் கவிதையின் ஈரம் எந்த நிலத்திலிருந்து ஊறுகிறது என்பதற்கு அந்தத் தொகுப்பே வழிகாட்டும். கற்பனை முற்றிய எழுத்தும் ஒரு மண்ணின் ஒளியையும் ஒலியையும் கொண்டே கற்பனை செய்கிறது.

இதைவிடக் கடினமான மறுப்பு வேறு. விமல் குழந்தைவேலின் 'கசகறணம்' 2011இல் வந்த நாவல். அக்கரைப்பற்றுச் சந்தையில் அருகருகே இருந்து வியாபாரம் செய்த தமிழ், முஸ்லிம் எளிய மனிதர்களின் உறவையும், அது வெட்டுண்ட விதத்தையும் அவ்வூர்ப் பேச்சுமொழியிலேயே சொல்கிறது. அந்தச் சந்தைக்கு நாவலோடு போவது டப்ளின் தெருவில் நடப்பது போன்றதல்ல. இழந்தவர்கள் இரு பக்கத்திலும் உயிரோடு இருக்கிறார்கள். எவர் கதை சொல்லப்பட்டது, எவர் கதை விடுபட்டது என்ற கணக்கும் இருக்கிறது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் 1990 ஆகஸ்டில் முஸ்லிம்கள் மீது நடந்த படுகொலைகளின் நினைவு இந்த ஊர்களிலும் ஆறவில்லை. தமிழ்க் கிராமங்களுக்கும் தத்தம் இழவுகள் உண்டு. புண்ணைக் கிளறும் வாசிப்பு எதற்கு என்று ஒருவர் கேட்டால் அவரைக் குறைசொல்ல முடியாது. என் விடை இது: பேசாமல் விட்டதால் அந்தப் புண் ஆறவில்லை என்பதைக் கடந்த முப்பது ஆண்டுகள் காட்டிவிட்டன. ஒரு பக்கத்தார் எழுதியதை மறுபக்கத்தார் அதே சந்தையில் இருந்து படித்து, 'இது இப்படி நடக்கவில்லை' என்று சொல்ல நேர்ந்தால் அதுவும் படிப்பின் பயனே. தஸ்ராக்கில் ஊரார் சொல்வது ஒரு திருத்தம் மட்டும். அக்கரைப்பற்றில் சொல்லப்படுவது சாட்சியம். தமிழ் வாசகர் நீலாவணனிலும் விமல் குழந்தைவேலிலும் நின்றுவிடாமலும், முஸ்லிம் வாசகர் நுஃமானிலும் சோலைக்கிளியிலும் நின்றுவிடாமலும் இருக்க இடம் சார்ந்த வாசிப்பு உதவும், ஏனென்றால் கல்முனையில் அரைமணி நேரம் நடந்தாலே இருவர் நிலமும் மாறிமாறி வந்துவிடும்.

சுற்றுலாவாகிவிடும் என்ற அச்சத்தைச் சுருக்கமாகப் பார்க்கலாம். பொத்துவில் அறுகம்பைக்கு அலைச்சறுக்க வரும் வெளிநாட்டார், இதே கரையில் இத்தனை கவிஞர்கள் இருப்பதை அறியாமலே திரும்புகிறார்கள். அவர்களுக்காகப் பெயர்ப்பலகை நாட்டுவது என் கோரிக்கை அல்ல. மணிமண்டபமும் வேண்டாம். விபுலானந்தர் பிறந்த காரைதீவைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்களில் அவருடைய 'யாழ் நூல்' திறந்தவர் எத்தனை பேர் என்று எண்ணினால், கட்டடம் வாசகரை உண்டாக்காது என்பது விளங்கும். வாசகர் முதலில் உள்ளூரில் உண்டாக வேண்டும். வெளியூரார் வருவது அதன் பின்விளைவு.

செய்ய வேண்டியது பாண்டிருப்பும் தம்பிலுவிலும் ஏற்கெனவே செய்து காட்டியதுதான். ஒரு நூல், ஒரு நாள், ஓர் இடம், வாய்விட்ட படிப்பு. ஒலுவிலில் 1996 முதல் பல்கலைக்கழகமாக இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும் மாணவர்களும், கல்முனை ஸாஹிரா, கார்மேல் பற்றிமா, மஹ்மூத் மகளிர் கல்லூரி போன்ற பாடசாலைகளின் உயர்தர வகுப்புகளும் முன்வந்தால் இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. 2004க்கு முந்திய கடற்கரைக் கதைகளை, அந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களை அருகில் இருத்திப் படித்து, அவர்கள் சொல்லும் திருத்தங்களை எழுதிவைக்க வேண்டும். அதற்குக் காலம் அதிகம் இல்லை. 2031இல் நீலாவணனுக்கு நூறாண்டு நிறைகிறது. அந்த ஆண்டு பெரும்போக அறுவடை முடிந்ததும், பெரியநீலாவணைக்கு மேற்கே உள்ள வயலில் 'வேளாண்மை' முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை, தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் மாறிமாறிப் படிக்க, ஊர் கேட்க வேண்டும். இதைப் படிக்கும் ஆசிரியர் எவரேனும் அந்தப் பொறுப்பை இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள்.